வெள்ளையாக விட்ட கேரளா

"கணிதம் நிலத்தைக் கொன்றுவிடுகிறது" என்று எழுதுவது நம் இலக்கியச் சூழலில் ஒரு பழக்கமாகிவிட்டது. மலை, கண்மாய், கோயில், சொந்தபந்தம் எல்லாம் இருக்கிற ஊரை எடுத்து நாலு புள்ளி, ஐந்து கோடு என்று ஆக்கிவிடுகிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. நிலத்தை ஐந்து திணையாகச் சுருக்கியதைக் கொண்டாடுகிற நமக்கு, அதையே புள்ளியாகச் சுருக்கினால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

என் கோபம் வேறொன்றின் மேல். பள்ளிக்கூடத்தில் கலர் பென்சில் வைத்து நிரப்பினோமே, அந்தத் தமிழ்நாட்டு மேப். அதுதான் நிலத்தை மறைக்கிறது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிற விருதுநகர் மாவட்டத்தை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் கொஞ்சம் கதை. 1852-இல் பிரான்சிஸ் கத்ரி இங்கிலாந்தின் கவுன்டிகளுக்கு நிறம் தீட்டினார். எல்லையைப் பகிரும் இரண்டுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. நான்கு நிறம் போதும்போல் தெரிந்தது. எந்த மேப்புக்கும் போதுமா? 1879-இல் ஆல்ஃபிரட் கெம்ப் 'நிரூபித்துவிட்டேன்' என்றார். 1890-இல் ஹீவுட் அதில் ஓட்டையைக் காட்டினார். நிரூபணம் தோற்றது, ஆனால் கெம்ப் சொன்ன ஒரு யோசனை நின்றது. மேப்பின் மேல் டிரேசிங் பேப்பரை வை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புள்ளி. பொது எல்லை இருந்தால், அந்த எல்லையைத் தாண்டி ஒரு கோடு. வெறும் மூலையில் தொட்டால் கணக்கில்லை. இப்படி வரைந்தால் எந்தக் கோடும் இன்னொன்றை வெட்டாது. கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரைய முடிகிற இந்தப் படம்தான் பிளேனார் கிராஃப். 1976-இல் அப்பெலும் ஹாக்கெனும் கம்ப்யூட்டரை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, நான்கு போதும் என்று முடித்துவைத்தது இந்தப் படங்களை வைத்துத்தான்.

இப்போது நம்ம ஊர். 1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது விருதுநகர் மாவட்டம், அன்றைய பெயரில் காமராஜர் மாவட்டம், பிறந்தது. அடுத்த வருடம் தூத்துக்குடி தனி மாவட்டமானது. அப்போது விருதுநகரைச் சுற்றி ஆறு பேர்: மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கேரளா. ஆறு பேரும் வளையமாகக் கைகோத்து நிற்கிறார்கள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றித் தீட்டலாம். நடுவில் விருதுநகருக்கு மஞ்சள். மூன்று நிறம், வேலை முடிந்தது.

1996-இல் மதுரையிலிருந்து தேனி பிரிந்தது. வளையத்தில் ஏழு பேர். மாற்றி மாற்றித் தீட்டிக்கொண்டே வந்தால் ஏழாவது ஆள் முதல் ஆளோடு முட்டுவார். அவருக்கு மூன்றாவது நிறம் வேணும். அப்போது நடுவில் இருப்பவருக்கு நான்காவது. 2019-இல் திருநெல்வேலி இருந்த இடத்துக்குத் தென்காசி வந்தது. பெயர் மாறியது, எண்ணிக்கை அதே ஏழு. எத்தனை சதுர கிலோமீட்டர், எவ்வளவு ஜனம் என்று எதுவும் கேட்காமல் இதைச் சொல்ல முடிகிறது. யார் யாருக்குப் பக்கத்தில் என்பது மட்டும் போதும்.

இனி, ஸ்கூல் மேப்புக்கு வருவோம். அதில் கேரளா வெள்ளை. தமிழ்நாடு முடிந்ததும் உலகமே முடிந்த மாதிரி. கேரளாவை எடுத்துவிட்டால் வளையம் அறுந்துபோகிறது. மறுபடி மூன்று நிறமே போதும். அதாவது இங்கே நான்காவது நிறத்தைக் கேட்க வைப்பதே நாம் வரையாமல் விட்ட அந்தப் பக்கத்துவீட்டுக்காரர்தான். மேப் அதை மறைத்தது, கிராஃப் காட்டிக்கொடுத்தது. எது நிலத்தைக் கொன்றது, சொல்லுங்கள்?

என் ஜாதி இன்ஜினியர்களும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். 'எல்லாமே கிராஃப்தான் பாஸ்' என்பதும் அதே அளவு சோம்பேறித்தனம். நான் கேரளாவை ஒரே புள்ளியாக எடுத்தேன். அது என் முடிவு. மாவட்டம் மாவட்டமாகப் பிரித்தால் கணக்கு மாறலாம். ஒவ்வொரு பகுதியும் ஒரே துண்டாக இருந்தால்தான் நான்கு நிற உத்தரவாதம். காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சிதறிக் கிடக்கிற புதுச்சேரி முழுக்க ஒரே நிறம்தான் என்று அடம்பிடித்தால் அது செல்லாது. கோடு எதைக் குறிக்கிறது என்பதும் நாம் முடிவு செய்வதுதான். எல்லையைக் கேட்டால் விருதுநகருக்கும் கேரளாவுக்கும் கோடு உண்டு. ரோட்டைக் கேட்டால் கிடையாது. ராஜபாளையத்துக்காரர் செங்கோட்டை சுற்றித்தான் போகணும். காட்டைக் கேட்டால் மறுபடி உண்டு: 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் பெரியாறு காப்பகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரே மண், மூன்று கேள்வி, மூன்று கிராஃப்.

கிராஃப் நிறைய விஷயங்களை விட்டுவிடுகிறது, உண்மை. ஆனால் எதை விட்டோம் என்று முதல் வரியிலேயே சொல்லச் சொல்கிறது. அழகழகாய் நிறம் தீட்டிய மேப் அதைச் சொல்வதே இல்லை.

அடுத்த முறை ஒரு பிள்ளை மாவட்ட மேப்புக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தால், ஒரு டிரேசிங் பேப்பர் வாங்கிக் கொடுங்கள். முதல் புள்ளியை அந்த வெள்ளை இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.