மைசூர்க் கல்லும் அயோத்தி ஓட்டும்

மைசூருக்குப் பக்கத்தில் உள்ள ஹாரோஹள்ளி, குஜ்ஜேகவுடனபுரா என்ற கிராமங்களை 2024 ஜனவரிக்கு முன் வெளியூர்க்காரர்கள் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே ஒரு தலித் விவசாயி தன் நிலத்தைச் சாகுபடிக்குத் தோதாகச் சமப்படுத்த நினைத்தார். தோண்டியபோது பாறைகள் கிளம்பின. கிருஷ்ண சிலை என்று சிற்பிகள் சொல்லும் கருங்கல் அது. அதில் ஒரு துண்டு அயோத்திக்குப் போனது. மைசூர்ச் சிற்பி அருண் யோகிராஜின் உளி பட்டு, 51 அங்குல உயரத்தில் பால ராமராக எழுந்தது. மூன்று சிற்பிகள் செதுக்கிய மூன்று சிலைகளில் அறக்கட்டளை கருவறைக்குத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். 2024 ஜனவரி 22ஆம் தேதி, பிரதமர் நரேந்திர மோடி முன்னிலையில் பிராணப் பிரதிஷ்டை நடந்தது.

அதே நாளில் ஹாரோஹள்ளியிலும் ஒரு விழா. கல் எடுத்த இடத்திலேயே ராமருக்கு ஒரு கோயில் எழுப்ப பூமி பூஜை. அப்போது மைசூர் எம்.பி.யாக இருந்த பா.ஜ.க.வின் பிரதாப் சிம்ஹாவும் வந்தார். ஊர்க்காரர்கள் சிலர் அவரை வழிமறித்தார்கள். மைசூரில் தலித் அமைப்புகள் கொண்டாடும் மகிஷ தசராவை எதிர்த்தவர், தங்களை இழிவாகப் பேசியவர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வாக்குவாதம் முற்றி, எம்.பி. திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழிமறித்தவர்கள் கோயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராமரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எம்.பி. வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். சாமி வேறு, சாமியின் பெயரால் வருகிறவர் வேறு என்ற இந்தச் சாதாரணப் பாகுபாடு கிராமத்தாருக்குப் புரிந்தது. நாலரை மாதம் கழித்து, படித்தவர்கள் பலருக்கு அது புரியாமல் போனது.

2024 ஜூன் 4ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தன. பா.ஜ.க.வுக்கு 240 இடம். தனிப் பெரும்பான்மை இல்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அயோத்தியை உள்ளடக்கிய ஃபைசாபாத் தொகுதி. இரண்டு முறை வென்றிருந்த பா.ஜ.க.வின் லல்லு சிங், சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாதிடம் 54,567 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அவதேஷ் பிரசாத் தலித். ஃபைசாபாத் தனித் தொகுதி அல்ல, பொதுத் தொகுதி. கோயில் திறந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் இப்படி ஒரு தீர்ப்பு.

அன்று மாலையிலிருந்தே வசவு ஆரம்பித்தது. அயோத்திக்காரர்கள் நன்றி கெட்டவர்கள், இந்துத் துரோகிகள் என்று சமூக ஊடகங்களில் கொட்டித் தீர்த்தார்கள். 1987இல் தூர்தர்ஷனில் வந்த 'ராமாயண்' தொடரில் லட்சுமணனாக நடித்த சுனில் லாஹ்ரியும் அயோத்தி மக்களைக் கடிந்து எழுதினார். சீதையைச் சந்தேகித்த ஊர்தானே என்ற பொருளில் குத்திக் காட்டினார். அதே தொடரில் ராமனாக நடித்த அருண் கோவில், மீரட் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று அதே தேர்தலில் ஜெயித்திருந்தார். டி.வி. ராமன் மீரட்டில் வெல்ல, ராமன் பிறந்த ஊர் மட்டும் ஏன் கைவிட்டது என்பது கோபக்காரர்களின் கேள்வி.

வார்த்தையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அயோத்திக்குப் போனால் அங்கே எதையும் வாங்காதீர்கள், பூவும் பிரசாதமும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள் என்றும் அறிவுரைகள் பறந்தன. லல்லு சிங்கைத் தோற்கடித்ததற்குத் தண்டனை கோயில் வாசல் பூக்காரிக்கு! அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று யாருக்குத் தெரியும்?

உண்மையில் கணக்கு இன்னும் சிக்கலானது. ஃபைசாபாத் மக்களவைத் தொகுதிக்குள் ஐந்து சட்டசபைத் தொகுதிகள். அவற்றில் கோயில் இருக்கும் அயோத்தி சட்டசபைத் தொகுதியில் லல்லு சிங்தான் சில ஆயிரம் ஓட்டு முன்னிலை பெற்றார். அவரைக் கவிழ்த்தது சுற்றுப்புறத் தொகுதிகள். திட்டு வாங்கிய ஊர், திட்டியவர்களின் கட்சிக்கே அதிக ஓட்டு போட்டிருந்தது.

ஓட்டுப் போடாதவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. ராம பாதை என்ற அகலச் சாலைக்காகக் கடைகளும் வீடுகளும் இடிபட்டன. கிடைத்த இழப்பீடு போதாது என்ற மனக்குறை இருந்தது. அரசியல் சட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும் என்று லல்லு சிங் பிரசாரத்தில் பேசியது, இட ஒதுக்கீடு போய்விடுமோ என்ற பயத்தைத் தலித்துகளிடையே கிளப்பியது. சமாஜ்வாதி கட்சியின் சாதிக் கணக்கும் பலித்தது. இதில் எதுவும் ராமர் மீதுள்ள கோபமல்ல. காலையில் சரயூவில் முழுக்குப் போட்டுவிட்டு, பிற்பகலில் இழப்பீட்டை நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்துவதில் ஒரு பக்தனுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து இன்னொரு திருப்பம். அவதேஷ் பிரசாத் எம்.பி. ஆனதால் காலியான மில்கிபூர் சட்டசபைத் தொகுதிக்கு 2025 பிப்ரவரியில் இடைத்தேர்தல். ஃபைசாபாத் தொகுதிக்குள் அடங்கிய இதில், பா.ஜ.க. 61 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தது. அப்படியானால் மில்கிபூர் மக்கள் ஜூனில் நாத்திகர்களாக இருந்து பிப்ரவரியில் பக்தர்களாகிவிட்டார்களா?

கல் கொடுத்த மைசூர் மாவட்டத்தின் முடிவைப் பார்த்தால் இந்த அளவுகோல் எவ்வளவு அபத்தம் என்பது இன்னும் தெளிவாகும். 2024 தேர்தலில் பிரதாப் சிம்ஹாவுக்கு பா.ஜ.க. சீட்டு தரவில்லை. பதிலாக நிறுத்தப்பட்டவர் மைசூர் அரச குடும்பத்தின் யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையார். காங்கிரசின் எம்.லட்சுமணாவை அவர் 1.39 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அதே மாவட்டத்தின் நஞ்சன்கூடு, வருணா, டி.நரசிபுரம், எச்.டி.கோட்டை ஆகிய சட்டசபைத் தொகுதிகள் சாமராஜநகர் மக்களவைத் தொகுதியில் சேர்கின்றன. அங்கே ஜெயித்தவர் காங்கிரசின் சுனில் போஸ்.

அதாவது, சாமுண்டி மலை அம்மன் இருக்கும் தொகுதி பா.ஜ.க.வுக்கு. நஞ்சன்கூடு நஞ்சுண்டேஸ்வரர் இருக்கும் தொகுதி காங்கிரசுக்கு. சக்தி ஒரு கட்சி, சிவன் ஒரு கட்சி என்று மைசூரில் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நஞ்சன்கூட்டுக்கும் வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைக்கும் போகிற குடும்பங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

காங்கிரசும் இந்த விளையாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. அயோத்தி விழாவுக்கான அழைப்பைக் கட்சி மேலிடம் மறுத்தது. அது பா.ஜ.க.வின் விழா என்றது. ஆனால் அதே ஜனவரி 22இல் கர்நாடகத்தில் அறநிலையத் துறைக் கோயில்களில் சிறப்புப் பூஜை நடத்தச் சொன்னது காங்கிரஸ் அரசு. முதல்வர் சித்தராமையா அன்று பெங்களூரில் ஒரு ராமர் கோயிலைத் திறந்துவைத்தார். வருணா தொகுதியில் உள்ள அவருடைய சொந்த ஊரின் பெயர் சித்தராமனஹுண்டி. ஊர்ப் பெயரிலும் ராமன், ஆள் பெயரிலும் ராமன். எங்கள் ராமர் காந்தியின் ராமர் என்று காங்கிரஸ் தலைவர்கள் சொன்னார்கள். பக்தியை நிரூபிக்கும் போட்டிக்கு ஒரு கட்சி அழைத்தால் மற்றக் கட்சியும் வந்து நின்றுவிடுகிறது.

தமிழர்களுக்கு இது புதிய கதையல்ல. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதாகப் பெரும் புயல் கிளம்பியது. அடுத்த சில வாரங்களில் தேர்தல். ராமரை அவமதித்தவர்களின் தோழர்களுக்கா ஓட்டு என்று தி.மு.க.வுக்கு எதிராகச் சுவரொட்டிகள் முளைத்தன. முடிவு வந்தபோது 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 184. அதற்கு முன்னும் பின்னும் அக்கட்சி அத்தனை இடங்களைப் பெற்றதில்லை. அந்த வருஷம் பங்குனியில் ராம நவமிக்குத் தமிழ்நாட்டில் பானகமும் நீர்மோரும் இல்லாமல் போய்விடவில்லை. கொடுத்தவர்களில் உதயசூரியனுக்குக் குத்தியவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும்.

பக்தர்களுக்குள் சண்டையே கூடாது என்பதல்ல. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் நாம். ஆனால் அந்தச் சண்டை நாமத்தைப் பற்றியது. பிரபத்தி என்றால் என்ன, யார் முதலில் பாசுரம் சேவிப்பது என்பதைப் பற்றியது. அபத்தமாகத் தோன்றினாலும் சமயத்துக்குள் நடந்த வழக்கு. இப்போதைய சண்டையில் நாமத்தின் இடத்தைக் கட்சிக்கொடி பிடித்திருக்கிறது. எதிரே நிற்பவர் என்ன நம்புகிறார் என்று யாரும் கேட்பதில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்றுதான் கேட்கிறார்கள்.

தேர்தலுக்குப் பிந்தைய மைசூரிலும் அந்தக் கேள்வி மலை ஏறிவிட்டது. சாமுண்டீஸ்வரி கோயில் பகுதிக்கு ஒரு வளர்ச்சி ஆணையம் அமைக்கும் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. அரச குடும்பத்தின் பிரமோதா தேவி உடையார் உயர் நீதிமன்றம் போனார். 2025 தசராவைத் தொடங்கிவைக்க, அந்த ஆண்டு சர்வதேச புக்கர் பரிசு பெற்ற கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கை அரசு அழைத்தபோது சண்டை உச்சத்துக்குப் போனது. கன்னடத்தைப் புவனேஸ்வரி தேவியாக்கியதை விமர்சித்து அவர் 2023இல் பேசியதை எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அம்மன் மீது நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிவிட்டு வரட்டும் என்றார்கள். தசரா நாட்டுத் திருவிழா, 2017இல் கவிஞர் கே.எஸ்.நிசார் அகமது தொடங்கிவைக்கவில்லையா என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். முன்னாள் எம்.பி. பிரதாப் சிம்ஹா உள்ளிட்டோரின் மனுக்களை உயர் நீதிமன்றம் செப்டம்பர் 15இல் தள்ளுபடி செய்தது. நான்கு நாள் கழித்து, மேல் முறையீட்டை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. செப்டம்பர் 22ஆம் தேதி பானு முஷ்தாக் மலைக்கு வந்து, அம்மன் முன் விழாவைத் தொடங்கிவைத்தார்.

எதிர்த்தவர்களில் அம்மனை உண்மையாகக் கும்பிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மனசு புண்பட்டது நடிப்பல்ல. வரவேற்றவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் பேசியவர்கள் இரண்டு கட்சிக்காரர்கள். இடையில் சிக்கியவர், இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டும் அந்தக் கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கும் பக்தர். அவர் வாய் திறந்தால் ஒரு பக்கம் துரோகி என்பார்கள், மறுபக்கம் மதவெறியர் என்பார்கள். ஆகவே பேசாமல் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறார். அயோத்தியில் பூக்காரியின் பிழைப்பு பணயம் வைக்கப்பட்டது போல, இங்கே அவருடைய வாய் பணயம்.

ஓட்டுச் சாவடியில் மறைப்பு வைத்திருப்பது, பக்கத்தில் நிற்கும் பங்காளிக்கும் தெரியாமல் மனிதன் தன் முடிவைச் சொல்வதற்காக. கோயிலிலும் அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் வேண்டுகிறான். இந்த இரண்டு ரகசியங்களையும் போட்டுக் குழப்பி, ஒன்றை வைத்து மற்றதற்கு மார்க் போடக் கிளம்பினால், கோயில் வாசலில் வாக்காளர் பட்டியலோடு ஆள் நிறுத்த வேண்டியதுதான்.

2025 அக்டோபர் 2, விஜயதசமி. அரண்மனைக்குள் அரச குடும்பத்துச் சடங்குகளைச் செய்தவர் பா.ஜ.க. எம்.பி. அரண்மனை வளாகத்தில் தங்க அம்பாரியில் இருந்த சாமுண்டீஸ்வரிக்கு மலர் தூவியவர் காங்கிரஸ் முதல்வர். சுமார் 750 கிலோ எடையுள்ள அம்பாரியைச் சுமந்துகொண்டு அபிமன்யு என்ற யானை ஊர்வலம் போனது. வழி நெடுக நின்றவர்கள் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டவர்கள். அம்பாரி கடந்தபோது எல்லாருமே கை கூப்பினார்கள். அன்றைக்கு யானைக்கு எந்தக் கட்சி நாமம் என்று யாரும் கேட்கவில்லை.