கோடு போட்டால் ரோடு!

ஆடித்தபசு வந்தால் சங்கரன்கோவிலில் 'ஆடிச்சுற்று' நடக்கும். கோயிலை நூற்றெட்டு தடவை சளைக்காமல் சுற்றுகிறவர்கள் உண்டு. அதே ஊரில் (ஏன், உங்க ஊரிலும்தான்) வீட்டு நிலைப்படிக்கு முன்னால் வந்து நின்று, ஒரே ஒரு அடி எடுத்து வைக்க முடியாமல் தவிக்கிற பெரியவர்களும் உண்டு. பாதத்தைத் தரையோடு பசை போட்டு ஒட்டின மாதிரி!

"எப்பா, சீக்கிரம் வாங்கப்பா... ஆபீசுக்கு நேரமாச்சு!" என்று பின்னாலிருந்து மகன் கத்துவான்.

அவர் வேணும்னு நிற்கலை சார். அது பார்க்கின்சன்ஸ்.

1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதி வைத்த நோய். கை நடுங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கால் உறைந்து போவது பலருக்குத் தெரியாது.

ஆபீஸ் பாஷையில் சொன்னால், நடப்பது மூளைக்கு ஒரு ரொட்டீன் ஃபைல். பெரிய அதிகாரியைத் தொந்தரவு பண்ணாமல், உள்ளே 'பேசல் கேங்லியா' என்ற கிளார்க்கே முடித்து அனுப்பிவிடுவார். 'டோபமைன்' என்ற ரசாயனம் குறைந்தால் கிளார்க் படுத்துவிடுவார். ஃபைல் நகராது. அதிலும் வாசல், திருப்பம், நெரிசல், அவசரம் என்றால் சுத்தமாக நின்றுவிடும்.

அப்ப என்ன வழி? அதிகாரியிடம் நேரடி மனுதான்! தரையில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் 'இதைத் தாண்டணும்' என்று கண் மனு கொடுக்கும். தாளம் கேட்டால் காது கொடுக்கும். கிளார்க்கைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக உத்தரவு வரும். கால் எழும்பும். குறுக்குக் கோடுகளின் இந்த மகிமையைப் பர்டன் மார்ட்டின் என்ற லண்டன் டாக்டர் 1967-லேயே எழுதிவிட்டார்.

நம்ம நாட்டிலும் ஒரு நிஜக்கதை உண்டு. மிலேஹா சோனேஜி என்ற வடிவமைப்பாளருக்கு உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். பார்க்கின்சன்ஸ். சமதரையில் தடுமாறுகிறவர், படிக்கட்டில் மட்டும் நிற்காமல் ஏறி இறங்கினார்! ஒவ்வொரு படியும் ஒரு கோடாச்சே! மிலேஹா தரையில் படிக்கட்டு மாதிரி கண்ணை ஏமாற்றும் படத்தை ஒட்டினார். பெரியவர் அதன் மேல் நடந்தார். 2015-ல் 'டெட்' உரையில் அவரே சொன்னது இது.

உங்க வீட்டுக்குப் படமெல்லாம் வேண்டாம். கலர் டேப் போதும். அவர் நின்றுபோகிற இடத்தில், ஒரு எட்டு இடைவெளிவிட்டு, குறுக்கே ஒட்டுங்க. ஓரம் பிய்ந்து காலைத் தடுக்கக் கூடாது.

தாளத்துக்கு, செல்போனில் 'மெட்ரோனோம்' ஆப் இருக்கு. பிடித்த பாட்டும் உதவும். சங்கரன்கோவில்காரர்களுக்கு விசைத்தறிச் சத்தம் பழகின தாளம்தான். ஆனால் தறி வேகம் ஆகாது! அவர் நடைக்குத் தோதான வேகம் வேணும்.

வெளியே நின்றுவிட்டால்? இழுக்காதீங்க. உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுந்துடுவார். நிதானமாக நிற்கச் சொல்லுங்க. மூச்சு விட்டு, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றட்டும். அவர் பாதத்துக்கு முன்னால் உங்க பாதத்தைக் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்கப்பா... ஒண்ணு, ரெண்டு, மூணு!" அவ்வளவுதான். திரும்பும்போது சட்டென்று வேண்டாம், அரைவட்டமாக வரட்டும்.

இது நோயைக் குணமாக்காது. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. மாத்திரை நேரம் தவறக் கூடாது. எந்த உபாயம் பொருந்தும் என்பதை நரம்பியல் டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் பார்த்துச் சொல்வார்கள்.

நடைவண்டியைக் கையில் கொடுத்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணி நமக்கு நடை பழக்கினவர்தானே சார்? ஆபீசுக்குப் பத்து நிமிஷம் லேட்டானால் பரவாயில்லை. இப்ப எண்ணுகிற முறை நம்முடையது.