உலக அரங்கிலே: அயல்நாட்டில் நிலம் வாங்கிய நாடு

பசிபிக் மாகடலின் நடுவே 33 தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது கிரிபாட்டிக் குடியரசு. எழுத்தில்தான் கிரிபாட்டி, அந்நாட்டார் வாயில் அது ‘கிரிபாஸ்’. ஏறத்தாழ 1,20,000 மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நம்மைப் போலக் கத்தோலிக்கர். 1888-ஆம் ஆண்டில் நோனோவுட்டித் தீவில் வந்திறங்கிய திரு இருதய சபைக் குருக்கள் விதைத்த விசுவாசம் அது.

அங்கே மலையுமில்லை, ஆறுமில்லை. தீவுகளுள் பெரும்பாலானவை கடல்மட்டத்திற்கு மேல் ஓரிரு ஆள் உயரமே உள்ளவை. பவள மணலுக்கடியில், உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீரே குடிநீர். பேரலை கரை தாண்டினால் கிணறும் உவர்க்கும். சேம்பு பயிரிடும் குழியும் பாழாகும்.

2014-ஆம் ஆண்டில் இந்நாட்டு அரசு ஃபிஜியின் வனுவா லெவு தீவில் சுமார் 5,500 ஏக்கர் நிலத்தை ஆங்கிலிக்கன் திருச்சபையிடமிருந்து விலைக்கு வாங்கியது. முதலில் உணவுக்காக, பிற்காலத்தில் தேவைப்பட்டால் குடியிருப்பதற்காக என்பது அப்போதைய குடியரசுத் தலைவர் அனோட்டே டாங்கின் எண்ணம்.

ஊர்விட்டு ஊர் போவது இம்மக்களுக்குப் புதிதன்று. கிரிபாட்டியைச் சேர்ந்த பனாபா என்னும் சிறு தீவில் 1900-ஆம் ஆண்டு பாஸ்பேட் கண்டெடுக்கப்பட்டது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாக அத்தீவின் மண்ணையே வெட்டிக் கப்பலேற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 டிசம்பரில், பனாபா மக்கள் ஃபிஜியின் ராபித் தீவில் குடியேற்றப்பட்டனர். ராபியை வாங்கிய பணமும் அவர்களுடைய பாஸ்பேட் வருவாயிலிருந்தே எடுக்கப்பட்டது! தம் மண்ணை விற்ற காசில் அயலார் மண்ணை வாங்கித் தந்து, அதற்கு உதவி என்று பெயரும் சூட்டுவது எவ்வகை நீதியோ? சுரங்க வேலை 1979-இல்தான் நின்றது. கிரிபாட்டி விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்.

இத்தகைய நாடுகளின் துயரம் உலக அமைதியைப் பற்றியதா என்ற கேள்வி 2007-இல் முதன்முறையாக ஐ.நா. பாதுகாப்புச் சபையில் விவாதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் அயர்லாந்தும் நைஜரும் ஒரு தீர்மானம் கொணர்ந்தன. 12 நாடுகள் ஆதரித்தும் ரஷ்யாவின் தடுப்பு வாக்கால் அது வீழ்ந்தது. இந்தியாவும் எதிர்த்தே வாக்களித்தது. நம் நாடு கூறிய காரணம் வெறுங்காரணமன்று: தட்பவெப்ப மாற்றத்தைப் பேச அனைத்து நாடுகளும் அமரும் தனி அரங்கு இருக்க, தடுப்பு வாக்குடைய ஐவர் கையில் அதனை ஏன் ஒப்படைக்க வேண்டும்? ஏழை நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் என்று செல்வ நாடுகள் 2009-இல் கொடுத்த வாக்கும் உரிய காலத்தில் நிறைவேறவில்லை. ஆயினும் நியாயம் பேசுகிறவர்களுக்கு இருக்கும் அவகாசம் தீவுக்காரனுக்கு இல்லையே.

கடலால் வீடிழந்தவனை 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அகதியாகக் கருதுவதில்லை. இக்குறையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம், தட்பவெப்பத்தைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், நிலப்பரப்பை இழந்ததாலேயே ஒரு நாடு நாடாயிருக்கும் தகுதியை இழந்துவிடாது என்றும் கருத்துரைத்தது.

கிரிபாட்டியிலோ 2016-இல் ஆட்சி மாறியது. குடிபெயர்வதைவிட, இருக்கும் தீவுகளைக் காத்துக்கொள்வதே புதிய தலைவரின் விருப்பம். ஃபிஜி நிலத்தில் பயிர்த்தொழில் செய்ய 2021-இல் அவர் சீனாவின் உதவியை நாடினார்.