ஊசி குத்துகிற கைக்கும் ஒரு பயணச்சீட்டு வேண்டும்

மார்ச் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமையை 2006 முதல் உலகச் சிறுநீரக நாள் என்று கடைப்பிடிக்கிறார்கள். அன்றைக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம் காலை நடைக்குப் போனால் கையில் ஒரு துண்டுச்சீட்டு வந்துவிடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அதில் போட்டிருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது சரி. என் அண்ணனுக்கோ ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று அளந்துதான் தண்ணீர். அந்தச் சீட்டைப் பார்த்து அவர் சிரிப்பார். நாங்கள் சிரிக்க மாட்டோம்.

அண்ணன் கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். இருபது வருஷச் சர்க்கரை கடைசியில் சிறுநீரகத்தில் கைவைத்தது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். பஸ்ஸில் கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பக் கூட்டிப்போகும் வேலை பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பியான எனக்கு. ஆறு வருஷம் அப்படி உட்கார்ந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. பெரிய டாக்டர் ஐந்து நிமிஷம் வருவார். மீதி நேரம் முழுக்க நோயாளியின் உயிர் நர்ஸ், டெக்னீசியன் கையில்தான் இருக்கிறது.

கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒரு வழி செய்துவைப்பார்கள். 1966ல் நியூயார்க் டாக்டர்கள் உலகுக்குச் சொன்ன முறை. ஒவ்வொரு தடவையும் அதில் இரண்டு ஊசி போட வேண்டும். வாரம் இரண்டு முறை என்றாலே வருஷத்துக்கு 208 குத்து. குத்துகிற கை சரியாக இருந்தால் அந்த வழி பல வருஷம் ஓடும். இல்லாவிட்டால் வீங்கும், அடைக்கும், மறுபடி ஆபரேஷன்.

அண்ணனுக்கு முதல் ஃபிஸ்டுலா பதினோரு மாதத்தில் போய்விட்டது. சுலபமாகக் கிடைக்கிறதே என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதில் அந்த இடம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துக்கொண்டது. போதாக்குறைக்கு, காய்ச்சலுக்கென்று போன வேறொரு இடத்தில் அதே கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது ஃபிஸ்டுலா போட்ட சமயத்தில் ஒரு புது நர்ஸ் வந்து சேர்ந்தாள். ஈரோடு பக்கத்துப் பெண். சவூதியில் மூன்று வருஷம் டயாலிசிஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவள். முதல் நாளே அண்ணனின் கட்டைவிரலை எடுத்து அவர் கையிலேயே வைத்துக் கேட்டாள்.

"ஏனுங்கய்யா, மோட்டார் ஓடுறப்ப தண்ணிக் குழாய்ல கை வெச்சா அதிருமில்லீங்க? அதே மாதிரி அதிருதுங்களா? தினமும் காலைல எந்திரிச்சதும் இதைப் பாருங்க. அதிர்வு நின்னுருச்சுன்னா காப்பி குடிக்கக்கூட நிக்க வேண்டாம், நேரா வந்துருங்க."

அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. "அம்மிணி, இது நமக்குத் தெரிஞ்ச வேலையாச்சே" என்றார். அவள் ஒரே இடத்தில் குத்த மாட்டாள். ஏணிப்படி ஏறுவதுபோல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிக் குத்துவாள். குத்திய இடத்தை நோட்டில் குறித்துவைப்பாள். அங்கே சவூதியில் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் சொல்லித் தந்தாராம். அந்த இரண்டாவது ஃபிஸ்டுலா அண்ணனின் கடைசி நாள் வரை ஓடியது. மணிலாவில் இருந்து ரியாத், ரியாத்தில் இருந்து கோவை. இதைவிடப் பெரிய சர்வதேசக் கூட்டு முயற்சியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அப்படி ஒரு நர்ஸுக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்ததை ஏன் ஒழுங்கான ஏற்பாடாகச் செய்யக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

நமக்கு இது புதிதும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1960களின் தொடக்கத்திலேயே டயாலிசிஸ் வந்தது. அதற்குத் துணை நின்றவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பணியாற்றிய டாக்டர் நகமோட்டோ. 1971ல் அதே வேலூரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. நர்ஸிங்கில் பட்டப்படிப்பு நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில், டெல்லியோடு வேலூரும் ஒன்று. அது 1946ல். இன்றைக்கும் உலகச் சிறுநீரகவியல் சங்கம் வளர்ந்த நாட்டு மருத்துவமனை ஒன்றையும் வளரும் நாட்டு மருத்துவமனை ஒன்றையும் சகோதரிகளாக இணைத்துவைக்கிறது. இரு பக்கமும் போய்வந்து பழகுகிறார்கள். ஐரோப்பாவில் டயாலிசிஸ் நர்ஸுகள் 1971லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

நல்லதுதான். ஆனால் இந்த மாதிரி போக்குவரத்தில் விமானச்சீட்டு முதலில் டாக்டருக்கு, பிறகு மெஷினுக்கு. ஊசி குத்துகிற கைக்கும் ஒரு சீட்டு ஒதுக்குங்கள் என்கிறேன்.

"வெளிநாட்டுப் பாடம் நம்ம ஊருக்குப் பொருந்துமா?" என்று என் நடைப்பயிற்சி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணனிடம் கொடுத்த உணவுப் பட்டியலில் ஆரஞ்சு, உருளைக்கிழங்கு, சாக்லேட் எல்லாம் இருந்தன, இளநீர் இல்லை. அவர் தோப்புக்காரர். பட்டியலில் இல்லையே என்று ஒரு நாள் இரண்டு இளநீர் குடித்துவிட்டார். பொட்டாசியம் ஏறி, ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதாயிற்று. "ஏண்டா தம்பி, எந்தோப்புல காய்க்கிறதே எனக்கு ஆகாதா?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ஈரோட்டுப் பெண்தான் பட்டியலை நம் சமையலுக்கு மாற்றி எழுதித் தந்தாள். காயைச் சின்னதாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொன்னாள். அண்ணிக்கு அது புரிந்தது. வெளியூர்ப் பாடம் வந்தால் மட்டும் போதாது, அதை நம் அடுப்படிக்குக் கொண்டுசேர்க்கத் தமிழ் பேசுகிற நர்ஸ் வேண்டும்.

சில பாடங்களோ எந்த ஊருக்கும் பொதுவானவை. ஒரு முறை டயாலிசிஸ் செய்ய சுமார் 120 லிட்டர் தண்ணீர் ரத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. நடுவே இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். 1996ல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் ஏரித் தண்ணீரில் இருந்த பாசி நஞ்சு சுத்திகரிப்பைத் தாண்டி உள்ளே போய், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். சிறுவாணித் தண்ணீர் என்று நாம் பெருமைப்படலாம். மெஷினுக்கு அது போதாது. தினமும் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவருக்குக் கருவாருவின் கதை தெரிந்திருந்தால் அந்தக் கையெழுத்து வெறும் சடங்காகாது.

நாம் கொடுக்கவும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான பைகளை வீடு தேடித் தருகிறார்கள். குறைந்த செலவில் அதிகம் பேரை எட்டுவது எப்படி என்று பணக்கார நாடுகளும் இங்கே வந்து பார்க்கலாம்.

அந்த நர்ஸ் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாள். இங்கே வாங்கிய சம்பளத்தில் அவள் வீட்டுக் கடன் அடையாது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. உலக சுகாதார நிறுவனம் 2010ல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. மற்ற நாடுகளில் இருந்து நர்ஸுகளை எடுத்துக்கொள்கிற நாடுகள், அந்த நாடுகளில் பயிற்சிக்கும் உதவ வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் அல்ல, சொல்லளவில்தான். அதைச் செயலில் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்.

நான் கேட்பது கொஞ்சம்தான். இந்திய நர்ஸிங் கவுன்சிலில் சிறுநீரக நர்ஸிங்குக்கு ஒரு வருஷ டிப்ளமா இருக்கிறது. அதைப் படித்து வருகிறவருக்குச் சம்பளத்தில் ஒரு வித்தியாசம் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்களை மாதம் ஒரு மணி நேரம் வீடியோவில் இங்குள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லித்தரக் கூப்பிடுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். கோவையில் இத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பொள்ளாச்சி, தாராபுரம், கோபி என்று சின்ன ஊர்களில் டயாலிசிஸ் செய்யும் நர்ஸுகளைப் பக்கத்தில் வைத்துப் பழக்க இவர்களால் முடியாதா?

அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகிறது. தகவல் சொன்னபோது அந்தப் பெண் லண்டனில் இருந்து போன் செய்தாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "கடைசி வரைக்கும் அதிர்ந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

அதிர்ந்தது என்று சொன்னேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்தால், நாளைக் காலையில் அந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள்.