திண்ணை வேறு, கூடம் வேறு

நம் முன்னோர் வீடு கட்டியபோது திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று பகுத்துக் கட்டினார்கள். வழிப்போக்கன் எதுவரை வரலாம், உறவினர் எதுவரை வரலாம் என்பதை வீட்டின் அமைப்பே சொல்லிவிடும். இன்று நம் இல்லங்களில் புகுந்திருக்கும் வைஃபைக்கு இந்த மரியாதை தெரியாது. பாங்குக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரும், வாசலில் தொங்கும் மலிவான காமிராவும், விருந்தாளியின் கைப்பேசியும் ஒரே பாயில் சரிசமமாக வீற்றிருக்கின்றன.

இதனால் விளையும் கெடுதல் சிறிதன்று. 2016-ஆம் வருஷம் 'மிராய்' என்னும் நச்சு நிரல் பல்லாயிரக்கணக்கான காமிராக்களையும் ரௌட்டர்களையும் வசப்படுத்திற்று. அதற்கு மாயாஜாலம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதே போதுமாயிருந்தது. அவ்வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படை அமெரிக்காவின் 'டைன்' நிறுவனத்தின்மீது பாயவே, ட்விட்டர் முதலிய பெரிய தளங்கள் அநேகருக்குப் பல மணி நேரம் எட்டாமற் போயின. அப்படி வசப்பட்ட காமிரா நம் வீட்டில் இருந்தால், பக்கத்திலுள்ள கம்ப்யூட்டரையும் அது தட்டிப் பார்க்கக்கூடும் அல்லவா?

ஆகவே வலையைப் பகுப்பது அவசியம். இவ்விதம் பகுத்த பிரிவுக்கு 'விலான்' என்று பெயர். 802.1க்யூ என்னும் நியமப்படி ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ஓர் எண் இடப்படுகிறது. ஒரே கம்பியில் சென்றாலும் பிரிவுகள் ஒன்றோடொன்று கலவா.

ஆக்ஸெஸ் பாயிண்ட் வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது வேகத்தைப் பற்றியன்று. 'ஒவ்வொரு வைஃபை பெயரையும் தனித்தனி விலானுடன் இணைக்க முடியுமா?' என்பதே முதற் கேள்வி. 'விருந்தினர் வலை' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பலாகாது. சில கருவிகள் ரௌட்டராக இயங்கும்போதுதான் விருந்தினரைப் பிரித்து வைக்கும். ஆக்ஸெஸ் பாயிண்டாக மாற்றியதும் கதவைத் திறந்துவிடும்.

இடையிலுள்ள ஸ்விட்சும் ரௌட்டரும் விலானை அறிந்தவையாக இருத்தல் வேண்டும். ரௌட்டரில் ஃபயர்வால் விதி எழுதாவிட்டால், அதுவே ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்டிவிடும்.

குடும்பம், விருந்தினர், யந்திரங்கள் என மூன்று பெயர்கள் போதும். ஒவ்வொரு பெயரையும் கருவி வினாடிக்குச் சுமார் 10 தடவை அறிவிக்கிறது. பெயர்கள் பெருகினால் கூவுவதிலேயே காலம் கழியும். யந்திரங்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசுமாதலால், அவற்றின் பிரிவில் அந்த அலைவரிசை இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் கனத்த செங்கற்சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எனவே மாடி வீட்டுக்கு விலையுயர்ந்த ஒரு கருவியைவிட, தளத்துக்கு ஒன்றாக இரண்டு சாதாரணக் கருவிகள் மேல். வலைக் கம்பி வழியாகவே மின்சாரம் பெறும் வகையானால், கூரையில் தனிப் பிளக்கும் வேண்டாம்.

பொருத்திய அன்றே ஒரு பரீட்சை செய்யுங்கள். விருந்தினர் வலையில் கைப்பேசியை இணைத்து, வீட்டுப் பிரிண்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள். திறந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.