பீளமேட்டில் ஒரு சங்கீத ஒர்க்‌ஷாப்

பீளமேட்டில் ஒர்க்‌ஷாப் என்றால் நமக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். லேத் சுழலும்; இரும்புத் தூள் பறக்கும்; பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடைந்துகொண்டிருப்பார்கள். ஆகையால், சில வாரங்களுக்கு முன் அவ்வூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் "குழந்தைகளுக்கான சங்கீத ஒர்க்‌ஷாப்" என்று எழுதியிருப்பதைக் கண்டதும், வீணையைக் கடைசல் பிடிக்கப் போகிறார்களோ என்று நாம் சற்றுக் கலங்கிப் போனோம். விசாரித்ததில் விஷயம் அவ்வளவு பயங்கரமானதல்ல என்று தெரிந்தது. ஒரு பாடகியும் ஒரு மிருதங்க வித்வானும் வந்து, குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு கச்சேரி செய்யப் போகிறார்களாம். உள்ளே போய் உட்கார்ந்தோம்.

சுமார் இருநூறு குழந்தைகள் இருந்தார்கள். கச்சேரி ஆரம்பமாவதற்கு முன் ஆசிரியை ஒருவர் எழுந்து, "எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு சத்தம் போடாமல் இருக்க வேண்டும்" என்று உத்தரவிட்டார். இருநூறு ஜோடிக் கைகளும் ஒரே கணத்தில் கட்டுண்டன. வித்வான் மிருதங்கத்தின் மேலாகத் தலையை நீட்டி, "ஏனுங்க டீச்சர், கையைக் கட்டிப் போட்டுவிட்டால் தாளத்தை நான் யாரிடம் கேட்பதுங்க?" என்றார். கைகள் அவிழ்ந்தன. அத்துடன் வாய்களும் திறந்துகொண்டன என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். லகுவுக்கு நான்கு, இரண்டு திருதங்களுக்கு இரண்டிரண்டாக நான்கு. இந்தப் பாடத்தை அவர் சொல்லவேயில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் லகுவைப் போட வேண்டும், மீதிப் பேர் திருதங்களைப் போட வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு செய்தார். பாடகி பாடத் தொடங்கினார். குழந்தைகளின் தாளம் எப்போதும் ஓடும் அல்லவா? ஓடிற்று. வித்வான் தடுக்கவில்லை, அவர்களுடனேயே தாமும் ஓடினார். இரண்டு நிமிஷத்தில் பாடகிக்கு மூச்சு வாங்கிப் பாட்டு நின்றுவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?" என்று வித்வான் கேட்டதும் மண்டபம் முழுவதும் சிரிப்பு. மறுபடி ஆரம்பித்தபோது, கடைசி வரிசையில் ஒரு பையன் பக்கத்திலிருந்தவன் கையைப் பிடித்து, "ஓடாதேடா!" என்று அதட்டினான். காலப்பிரமாணம் என்ற சொல்லை அவன் கேள்விப்பட்டிருக்க மாட்டான். பொருள் விளங்கிவிட்டது.

குழந்தைக்கு எது எளிதில் வரும் என்பதை நம் பெரியவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். புரந்தரதாஸர் (1484–1564) ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளையில் வகுத்தார் என்பது சம்பிரதாயம். அந்த ராகத்தில் கீழ்ப் பாதியின் ஸ்வர இடைவெளிகளே மேல் பாதியிலும் வருகின்றன. ஒன்றைக் கற்றவன் மற்றதைப் பாதி கற்றவனாகிறான். முத்துஸ்வாமி தீக்ஷிதரோ (1775–1835) கும்பினியாரின் பாண்டு வாத்திய மெட்டுக்களையே பிடித்து ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்து நோட்டு ஸ்வரங்களாக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று இங்கிலாந்து ராஜகீத மெட்டு! ராஜாவுக்குரிய மெட்டு தெய்வத்துக்குப் போய்ச் சேர்ந்தது நமக்குத் திருப்தியான காரியந்தான். இன்றும் சிறு பிள்ளைகள் நோட்டு ஸ்வரங்களை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடல் கடந்த தேசங்களிலும் இந்தக் கவலை உண்டு. நியூயார்க்கில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை, பெரிய வாத்திய கோஷ்டியை வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கென்றே ஐம்பதுக்கு மேற்பட்ட கச்சேரிகள் நடத்தினார். இடையிடையே கேள்வி கேட்பார். நம் தேசத்தில் 1977-ல் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மேக்கே இயக்கம் பெரிய வித்வான்களைப் பள்ளிக்கூடங்களுக்கே அழைத்துப் போய்விட்டது.

ஆனால் நாம் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. பேரனை அழைத்துப் போக வந்து, நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதையத்தானுங்க நாங்க கும்மின்னு சொல்லுவோம்" என்றாள்.

நமக்குச் சுருக்கென்றது. கொங்கு நாட்டு வள்ளி கும்மியைப் பார்த்தவர்களுக்கு அந்த அம்மாளின் பேச்சு புரியும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கோவில் மைதானத்தில் கூடுவார்கள். வாத்தியார் முருகன் வள்ளி கதையை ஓரடி பாடுவார். சுற்றி நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடி, கைகொட்டி, அடியெடுத்து வைப்பார்கள். ஐந்து வயதுச் சிறுமி முன்னால் போகும் அத்தையின் பாதத்தைப் பார்த்தே அடவு கற்றுவிடுவாள். சில வாரப் பயிற்சிக்குப் பின் ஊரறிய அரங்கேற்றம். வட்டத்தில் முன் வரிசை ஏது, பின் வரிசை ஏது? சபைகளில் டிக்கெட்டுக்குத் தகுந்தபடி உட்காரும் நமக்கு இது கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

இந்த வட்டமும் எல்லாருக்கும் எப்போதும் திறந்திருந்ததில்லை. வள்ளி ஒயில் கும்மி வெகு காலம் ஆண்களின் ஆட்டமாக இருந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த ஸ்ரீ பத்ரப்பன் அவர்கள்தாம் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். 2024-ல், தமது எண்பத்தேழாவது வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று ஆண்களைவிடப் பெண்களும் சிறுமிகளுமே அதிகமாக ஆடுகிறார்கள்.

இவ்வளவு நல்ல காரியத்தில் ஒரு குறையும் வந்து புகுந்திருக்கிறது. சில கும்மி மேடைகளில் ஜாதிப் பெருமை பேசி, தம் ஜாதிக்குள்ளேயே மணம் செய்வோம் என்று பெண்களிடம் சத்தியமும் வாங்கியதாகப் பத்திரிகைகளில் படித்தோம். தினைப்புனத்துக் குறமகளைத் தேடிப் போய் மணந்த முருகன் கதையைப் பாடிவிட்டா இந்தச் சத்தியம்? கதையைக் கவனித்துக் கேட்கும் குழந்தை எழுந்து ஒரு கேள்வி கேட்டால் வாத்தியார் என்ன பதில் சொல்வாரோ, நமக்குத் தெரியவில்லை. சாவு வீட்டு வாத்தியமென்று ஒதுக்கப்பட்டிருந்த பறையை இதே கோயம்புத்தூரில் பல வீட்டுப் பிள்ளைகளும் இன்று தோளில் மாட்டிக் கற்கிறார்கள். அவ்வாறிருக்க, கும்மி வட்டம் மட்டும் ஏன் குறுக வேண்டும்? பீளமேட்டுப் பள்ளிக்கூடங்களில் மில் தொழிலாளியின் மகளும் முதலாளியின் மகளும், தறிக்காரர் பிள்ளையும் வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர் பிள்ளையும் ஒரே மணிக்கு வெளியே வருகிறார்கள். ஆண்டு விழாவுக்கு ஒலிப்பதிவுப் பாட்டுக்கும் வாடகை உடுப்புக்கும் செலவிடும் பணத்தில், ஒரு கும்மி வாத்தியாரை இரண்டு மாதம் மாலை வேளைகளில் வரவழைக்கலாமே!

கச்சேரி முடிந்து நாம் வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் பாட்டியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பேரனுக்கு ஓர் அடவு காட்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். "கையி முன்னால, காலு பின்னால கண்ணு!" என்றாள் பாட்டி. பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து அவரும் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார்.