கைக்காகக் கருவி



"புதிய இயந்திரம் வந்துவிட்டால் என் மகளுக்கு அங்கே வேலை இருக்குமா?" ஆலை வேலையை நம்பி வாழும் குடும்பங்களில் எழும் இந்தக் கேள்வியை, விசுவாசக் குறைவு என்று நாம் தள்ளிவிடலாகாது. நூற்பாலைகளில் அறுந்த நூலைப் பெண்கள் விரலால் முடிச்சிட்ட காலம் உண்டு. இன்று தானியங்கி இயந்திரம் முடிச்சே தெரியாமல் அதை இணைத்துவிடுகிறது. அந்த விரல்களுக்கு இனி என்ன வேலை என்று இயந்திரம் சிந்திப்பதில்லை. அதை வாங்கியவர்தாம் சிந்திக்க வேண்டும்.

அவ்வாறு சிந்தித்தவர்கள் நமது மதுரையிலேயே உண்டு. 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப் போயிருந்தன. அவ்விரல்களுக்கு ஏற்றவாறு வடிவமைத்த கருவிகளைக் கொண்டே அவர் ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அங்கே கருவி கைக்குப் பணிந்தது.

அந்த மருத்துவமனையின் தொடர்ச்சியாக 1992-இல் ஆரோலேப் தொழிற்கூடம் உருவானது. கண்புரை அறுவையில் பொருத்தப்படும் செயற்கை வில்லைகள் அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து, ஏழைக்கு எட்டாத விலையில் வந்துகொண்டிருந்தன. அவற்றை இங்கேயே, குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் வில்லையைக் கடைகிறது. அதில் நுண்ணிய கீறல் உண்டா என்று நுண்ணோக்கியில் ஆராய, பயிற்சி பெற்ற மனிதக் கண் வேண்டியிருக்கிறது. அங்கே பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். கையால் மட்டுமே அத்துணை துல்லியமாகக் கடைய இயலாது. இயந்திரத்தை மட்டும் நம்பி ஒருவர் கண்ணுக்குள் வில்லையை வைக்கவும் இயலாது.

ஆகவே, எந்த இயந்திரத்தைக் குறித்தும் நாம் இரண்டு கேள்விகள் கேட்போம். அதன் அருகில் நிற்பவர் நேற்றைவிட இன்று அதிகம் கற்றவராய் இருக்கிறாரா? அதனால் வந்த மலிவு, கடைசி ஏழையின் கைக்குப் போய்ச் சேர்கிறதா? இவ்விரண்டுக்கும் "ஆம்" என்று சொல்ல முடியாவிடில், மிஞ்சுவது ஒருவருடைய இலாபம் மாத்திரமே.

நம் சபையில் தொழில் நடத்துவோரே, புதிய இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, பழைய தொழிலாளியைப் பயிற்றுவிக்கவும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். வாலிபரே, இயந்திரத்துக்கு அஞ்சாமல் அதன் நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஓய்வுநாளே மனிதனுக்காகத்தான் என்று போதித்தவரைப் பின்பற்றும் நாம், இயந்திரத்தை மட்டும் மனிதனுக்கு மேலாக வைக்கலாமோ?

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்,
கோரிப்பாளையம்